ஏறாத மாடி

அக்டோபர் 13, திங்கள்

தோப்புத்துறை வீட்டு வேலை இன்று முடிந்தது. ஆறு சோலார் பேனல், ஓர் இன்வெர்ட்டர், ஒரு லித்தியம் பேட்டரி. எட்வினும் இன்னும் இரண்டு பேரும் காலை ஒன்பது மணிக்கு மாடி ஏறினார்கள், நாலரைக்கு இறங்கினார்கள். நான் சூப்பர்வைசர். வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறது என்று சான்றில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அது போன பிறகுதான் வீட்டுக்கு மீட்டர் மாறும். மீட்டர் மாறிய பிறகுதான் அரசாங்க மானியம் வீட்டுக்காரர் கணக்குக்கு வரும்.

வீட்டுக்கார அம்மா பெயர் ஜொஹரா. ஐம்பது வயதிருக்கும். அவர் கணவர் மைதீன் பாய் இருபது வருடம் வெளிநாட்டில் கல் அறுக்கும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு, நுரையீரல் நிறையத் தூசியோடு ஊர் திரும்பியவர். வீட்டின் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்ட அறையில், மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்டு போனால் அது நின்றுவிடும். மூலையில் ஒரு சிலிண்டர் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாங்கும் என்றார் அந்த அம்மா.

"மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாதாமே தம்பி?" என்று ஜொஹரா அக்கா கேட்டார்.

"ஆமாக்கா."

"எங்களுக்கு வேண்டியதே பேட்டரிதான். வளையல குடுத்துட்டுத்தான் அத வாங்கினேன். பேனலுக்கு பேங்குல கடன். மானியம் வந்தாத்தான் மூச்சு விட முடியும். இன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேலே எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். போட்டோவும் ஏற்றியாயிற்று. என் போனை எட்வின் மேலே கொண்டுபோய்ப் படம் எடுத்துவந்தான்.

அந்த வீட்டின் மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது. கைப்பிடி கிடையாது. பதினெட்டுப் படி.

அக்டோபர் 16, வியாழன்

எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. மிதவை ஒடிந்துவிட்டது போலிருக்கிறது. என் மனைவி மங்கை இரண்டு முறை சொல்லிவிட்டாள். இடுப்பு வலி என்றேன். பிறகு அவளே ஏணியைச் சார்த்தி ஏறி, பழைய மிதவையைக் கழற்றிப் புதியதைப் போட்டாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏணியைப் பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டும்தானே.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மொட்டை மாடியில் நின்று புஸ்வாணம் கொளுத்தலாம், வாங்க என்று கூப்பிட்டார். போகவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஜொஹரா அக்கா போன் செய்தார். மானியம் கணக்கில் ஏறிவிட்டதாம். எழுபத்தெட்டாயிரம்.  "ஒரு மாசம்கூட ஆகல தம்பி. மத்தவங்க நாலு மாசம், அஞ்சு மாசம்னு சொன்னாங்க. நீங்க அன்னைக்கே அனுப்புனதாலதான்" என்றார். மதியம் யாரிடமோ தம்ரூட் இனிப்பு செய்து கொடுத்தனுப்பியிருந்தார். மங்கை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

எட்வின் நாளை கோயம்புத்தூர் போகிறான். அங்கே பெரிய தொழிற்சாலைக் கூரையில் மூன்று மாத வேலை. பத்து வருடம் சேர்ந்து வேலை பார்த்தவன். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் வழியனுப்பப் போனேன்.

பேச்சுவாக்கில் அவன் சொன்னான்: "அந்த தோப்புத்துறை வீடு இருக்கே வேதா, பழைய தளம். கான்கிரீட்டுக்கு மேல நாலு அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதுக்கு மேல ஓடு. நீளப் போல்ட்டு தீந்துபோச்சு. நடுவுல வர்ற நாலு காலுக்கு மட்டும்தான் நீளம் போட்டேன். மத்த நாலும் குட்டைதான்."

 குட்டைப் போல்ட்டு என்றால் அது கான்கிரீட்டைத் தொட்டிருக்காது. சுண்ணாம்பிலேயே நின்றிருக்கும். பாக்கு மட்டையில் ஆணி அடித்த மாதிரி.

"ஏன்டா போட்ட?"

"மேலேருந்து சத்தம் போட்டுக் கேட்டேனே. 'இந்த நீளம் பத்துமா'ன்னு. நீதானே கீழேருந்து 'பத்தும், போடு'ன்ன? அப்புறம் ஏறி வந்து பாப்பேன்னு நெனச்சேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறலையா?" என்று கேட்டான். நான் மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்டேன். எல்லாம் புதுத் தளம், எல்லாவற்றுக்கும் நீளப் போல்ட்டு, இந்த ஒரு வீடுதான் என்று மாதாவின் மேல் சத்தியம் செய்தான்.

நவம்பர் 12, புதன்

தோப்புத்துறை போனேன். பேனல் துடைத்திருக்கிறார்களா என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். நாலைந்து போல்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் நீளமானது வாங்கி மாற்றிவிடலாம். ஒரு மணி நேர வேலை.

ஆறாவது படியில் கால் நின்றுவிட்டது. உள்ளங்கை முழுக்க வியர்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காது அடைத்துக்கொண்டது. கீழே மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஜொஹரா அக்கா அடுப்படியிலிருந்து, "டீ வைக்கவா தம்பி?" என்று கேட்டபோது, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

"எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா."

டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

இதில் பொய் எழுதி என்ன பயன்? எழுதிவிடுகிறேன். நான் அந்த மாடியில் கால் வைத்ததே இல்லை. அந்த மாடி மட்டும் அல்ல. சூப்பர்வைசர் ஆன இந்த ஒன்பது மாதத்தில் ஒரு மாடியும் ஏறவில்லை. போன வருடம் அரிசி மில் கூரையில் சீட்டு உடைந்து உள்ளே விழுந்தேனே, அதிலிருந்து இப்படி. தோள் எலும்பு கூடிவிட்டது, இடுப்பு சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை. விழும்போது கீழே இருந்த தரை மேலே வருவதுபோல் இருந்ததே, அது மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஃபிட்டராக வைத்திருக்க முடியாது, சூப்பர்வைசராக இருங்கள் என்று கம்பெனியில் சொன்னபோது தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ஏறிப் பார்ப்பதுதான் சூப்பர்வைசர் வேலை என்பது அப்போது உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் சும்மா இருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மேனேஜரிடம் போனேன். ஏறாததைச் சொல்லவில்லை. "தோப்புத்துறை வீட்டுல நாலு காலுக்கு போல்ட்டு மாத்தணும் சார். ரெண்டு ஆள் குடுங்க" என்றேன்.

"சர்டிபிகேட்ல எல்லாம் சரின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"ஆமா சார்."

"மானியம் போயிருச்சு. ஃபைலை மூடியாச்சு. இப்பப் போயி மாத்துனா, அப்ப ஏன் சரின்னு போட்டீங்கன்னு யாராவது கேப்பாங்க. மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க வேதரத்தினம். பாத்துக்குங்க." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆள் கிடைக்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னார்கள்.

நவம்பர் 22, சனி

வலுப்பெறுகிறதாம். ரேஷனில் அரிசியும் பருப்பும் வாங்கி வந்தேன். மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி போட்டேன். தென்னையில் முற்றிய காய்களை ஆள் வைத்து இறக்கினேன். வேலை செய்துகொண்டே இருந்தால் பரவாயில்லை. உட்கார்ந்தால்தான் அந்த நாலு கால்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

நவம்பர் 24, திங்கள்

புயலாகிவிட்டது. புதன் இரவு நம் கரையில்தான் ஏறும் என்கிறார்கள். தாழ்வான பகுதி மக்கள் எல்லாம் முகாமுக்குப் போக வேண்டும் என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அவர்களும் முகாமுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விடுவார்கள். வீடு காலியாக இருக்கும். போவது பேனலோடு போகட்டும். போன் செய்தேன்.

"நாங்க எதுக்கு தம்பி போகணும்?" என்றார் ஜொஹரா அக்கா. "போன புயலுக்கு இவங்களத் தூக்கிக்கிட்டு நாங்க பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். இப்பத்தான் பேட்டரி இருக்கே. ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். வெயில் வந்தா மறுபடி ஏறிக்கும். ஊரே இருட்டாக் கெடந்தாலும் எங்க வீட்டுல வெளிச்சம் இருக்கும். பக்கத்துல உப்பளத்துல வேலை செய்யுற ரெண்டு குடும்பத்தையும் எங்க வீட்டுக்கே வரச் சொல்லிட்டேன். புள்ளைங்க மட்டும் அஞ்சு பேரு."

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா நல்லதுக்கா."

"ஏன் தம்பி? அதுல ஏதும் கோளாறா?"

"இல்லக்கா. சும்மா சொன்னேன்."

 அவர்களை அந்த வீட்டில் பிடித்து வைத்திருப்பது என் கையெழுத்து. 

நவம்பர் 25, செவ்வாய்

மங்கையிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுதும் சொல்லி முடிக்கும் வரை கத்தியை நிறுத்தவில்லை.

"ஏறப் பயம்னு எனக்குத் தெரியும். தூக்கத்துல கட்டிலப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கறீங்க. போல்ட்டு கதைதான் தெரியாது" என்றாள். கை கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "வேலை போயிரும்னு பயமா, கேஸ் போடுவாங்கன்னு பயமா, மாடிக்குப் பயமா? எதுக்குப் பயப்படறீங்க?"

"எல்லாத்துக்கும்."

"சரி. பயந்துகிட்டே போங்க. நாளைக்குக் காத்து கூடுறதுக்குள்ள போயிட்டு வாங்க."

எட்வினுக்கு போன் செய்தேன். அவன் வர முடியாது, ரயில் எல்லாம் ரத்து. "பேனலைக் கழட்டிரு வேதா. பேனல் இல்லன்னா காத்துக்குப் பிடிக்க ஒண்ணுமில்ல. வெறும் சட்டம் தாங்கிரும். பேனலப் பிடிச்சிருக்கிற நடுக் கிளாம்பை மொதல்ல தளத்து" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எனக்குத் தெரிந்த வேலைதான். தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

நவம்பர் 26, புதன்

இதை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலை ஐந்து மணி. வெளியே வேப்பமரம் தலையைச் சுழற்றுகிறது.  எழுத்து கோணலாக வருகிறது.

காலை எட்டரைக்கு அங்கே போனேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. காற்று அப்போதே சைக்கிளைத் தள்ளியது. வீட்டுக்குள் ஜொஹரா அக்கா பாய்களைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். உப்பளக் குடும்பங்கள் மூட்டையோடு வந்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் இன்வெர்ட்டரில் எரியும் பச்சை விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரி நூறு சதவீதம் என்று ஒரு சிறுமி படித்துக் காட்டினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். எப்படித் தொடங்குவதென்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"நான் அன்னைக்கு மாடி ஏறலக்கா."

"எந்த அன்னைக்கு?"

"பேனல் மாட்டுன அன்னைக்கு. கையெழுத்துப் போட்ட அன்னைக்கு. எட்வின் எடுத்த போட்டோவை வச்சு அனுப்பிட்டேன். நாலு காலுக்கு போல்ட்டு குட்டை, பிடிமானம் இல்லாம நிக்குது. இந்தக் காத்துக்கு அது தாங்காது. பிடுங்கிக்கிட்டு வந்தா எங்க விழும்னு சொல்ல முடியாது."

அவர் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "ரெண்டு வாரம் முன்னாடி வந்தப்ப நல்லா இருக்குன்னீங்களே."

"பொய்க்கா."

"முந்தாநேத்து போன்ல கேட்டேனே."

"அதுவும்தான்."

"ஏன் ஏறல?"

"பயம்க்கா. ஒரு தடவ விழுந்துட்டேன். அதுலேருந்து."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மெதுவாக, "நான்தான் பணம் பணம்னு உங்கள அவசரப்படுத்தினேன்" என்றார்.

அந்த வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. "இல்லக்கா. நீங்க கேக்கலன்னாலும் நான் ஏறியிருக்க மாட்டேன்" என்றேன்.

அவர் உள்ளே போனார். மைதீன் பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னாவாம்?" என்று கேட்பது கேட்டது. "மாடியில உள்ளது நிக்காதாம். ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும்" என்றார் அக்கா. வேறு எதுவும் சொல்லவில்லை. உப்பளக்காரர்களிடம் பிள்ளைகளைப் பள்ளிக்கூட முகாமுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஒருவர் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனார். மற்றவர் பெயர் சேந்தன். அவர் இருந்து உதவுகிறேன் என்றார். ஆம்புலன்சுக்குச் சொன்னோம். பதினோரு மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார்கள்.

எங்களுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

சேந்தன் விடுவிடுவென்று மேலே போய்விட்டார். நான் முதல் படியில் கால் வைத்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே, முதுகை மேல்படிப் பக்கம் திருப்பி, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக இடுப்பைத் தூக்கி வைத்தேன். பிள்ளைகள் ஏறுவதுபோல. ஆறாவது படியில் அதே இடம், அதே காது அடைப்பு. கண்ணை மூடினால் மில் தரை மேலே வந்தது. கண்ணைத் திறந்தால் ஜொஹரா அக்கா கீழ்ப்படியில் ஸ்பானர் பையோடு நின்றிருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார்.

"நான் பின்னாலயே வர்றேன். விழுந்தா என் மேலதான் விழுவீங்க. ஏறுங்க" என்றார்.

அதில் கனிவு இல்லை. கனிவு இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன்.

மாடியில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். நான் நிமிரவே இல்லை. வயிற்றில் படுத்து ஊர்ந்துபோய் ஓரத்துக் காலைப் பிடித்தேன். கையால் ஆட்டினேன். அடித்தட்டு அசைந்தது. ஓட்டுக்கு அடியிலிருந்து சுண்ணாம்பு மாவு மழைநீரோடு வெள்ளையாக வழிந்தது. என் கையெழுத்து அங்கே கையில் ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

முதலில் அக்கா இறங்கிப்போய் ஆக்சிஜன் மெஷினை லைன் கரண்டுக்கு மாற்றி இன்வெர்ட்டரை நிறுத்தினார், நாங்கள் ஒயர்களைப் பிரித்தோம். பிறகு கிளாம்பு. ஒரு பேனல் இருபத்தெட்டுக் கிலோ. காற்றில் அது இருமடங்கு கனக்கும். நான் மண்டியிட்டுக் கழற்ற, சேந்தனும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படிவழியே இறக்கினார்கள். முதலாவது. இரண்டாவது. மூன்றாவதை எடுக்கும்போது காற்று அடியில் புகுந்து சேந்தனைச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போனது. நான் எழுந்து ஓடிப் பேனலின் மேல் விழுந்தேன். எழுந்தேன் என்பதே பிறகுதான் தெரிந்தது.

நாலாவது இறங்கியபோது கீழே ஆம்புலன்ஸ் சத்தம். காற்று இப்போது நிற்காமல் அடித்தது. ஐந்தாவதின் கிளாம்பு துருவேறியதுபோல் இறுகிக்கிடந்தது. ஸ்பானர் வழுக்கி என் விரல் கணுவைக் கிழித்தது. சேந்தன் கத்தினார்: "வேணாம் சார்! இறங்குங்க! ஆளே போயிருவோம்!"

இரண்டு பேனலை அப்படியே விட்டுவிட்டு இறங்கினோம். அவை இரண்டும் பின்பக்கம், குட்டைப் போல்ட்டு போட்ட கால்களின் மேல் இருக்கின்றன.

மைதீன் பாயைச் சிலிண்டரோடு தூக்கி வண்டியில் ஏற்றினோம். அவர் என் கையைப் பிடித்து, ரத்தத்தைப் பார்த்து, "கட்டு... போடுங்க..." என்றார். இங்கே வார்டில் அவருக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். ஜெனரேட்டர் ஓடுகிறது. 

மங்கைக்கு போன் கிடைக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மங்கையும்.

நவம்பர் 28, வெள்ளி

சாலையில் மரங்களை வெட்டி வழி விட்ட பிறகு ஜொஹரா அக்காவோடு அவர் வீட்டுக்குப் போனேன். நான் வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

நடுக்கூடம் நின்றிருந்தது. பேட்டரி இருந்த சுவர் நனையவில்லை. நாங்கள் இறக்கிய நாலு பேனலும் கூடத்தில் சாய்த்து வைத்தபடியே இருந்தன. பின்பக்க அறைக்குப் போனோம். மேலே வானம் தெரிந்தது. மீதி இரண்டு பேனலும் சட்டத்தோடும் கால்களோடும் பிடுங்கிக்கொண்டு வந்து சீட்டைப் பொத்துக்கொண்டு விழுந்திருந்தன. ஓர் இரும்புக் கால் கட்டிலின் தலைமாட்டில் இறங்கிப் பலகையைப் பிளந்து தரையில் குத்தி நின்றது. தலையணை அதற்கடியில் இருந்தது.

வெறும் சட்டம் தாங்கும் என்றான் எட்வின். அந்த இரண்டையும் கழற்றியிருந்தால் இதுவும் நடந்திருக்காது. ஆறாவது படியில் நான் உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று கணக்குப் போடப் பார்த்தேன். தெரியவில்லை.

ஜொஹரா அக்கா கட்டிலில் கிடந்த போர்வையைக் கண்ணாடித் தூள் போக உதறி, நாலாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் அடித்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டார். முன்பைவிட அன்பாகப் பேசினார். உட்காரச் சொன்னார்.

"புயல்ல எத்தனையோ வீடு போச்சு. டவரே சாஞ்சிருச்சு. இதுல நாம என்ன பண்ண முடியும்? இயற்கை. நீங்க ஒரே ஒரு கடிதம் குடுங்க, 'எல்லாம் முறைப்படி பொருத்தி, நேரில் பரிசோதிச்சேன்'னு. அது இருந்தா இன்சூரன்ஸ் அந்தம்மாவுக்கே வரும். அவங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. இல்லேன்னா மானியத்தையே திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க. பாவம் இல்லையா?"

மானியத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்பது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பயம் எனக்குள் இறங்கிவிட்டது. நான் உண்மையைச் சொன்னால் அவர்களுக்குக் கிடைத்ததும் போய்விடுமோ? கடிதத்தை எழுதத் தொடங்கினேன். "நேரில்" என்ற சொல் வரை எழுதினேன். வீட்டில் முடித்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி எழுந்துவந்துவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

இரவும் பகலும் ஒரே கேள்வி. மங்கை, "அவங்க வீட்டு விஷயத்த அவங்ககிட்டயே கேளுங்களேன். நீங்களே அவங்களுக்காகப் பயந்துகிட்டு உக்காந்திருந்தா எப்படி?" என்றாள்.

டிசம்பர் 5, வெள்ளி

மைதீன் பாய் வீடு திரும்பிவிட்டார். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கரண்டும் வந்துவிட்டது. ஜும்ஆ முடிந்து ஆட்கள் விசாரிக்க வந்து போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போகும் வரை வாசலில் காத்திருந்தேன்.

மேனேஜர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். போல்ட்டு மாற்ற ஆள் தராதது, கடிதம், இன்சூரன்ஸ், மானியம் எல்லாம்.

ஜொஹரா அக்கா கேட்டுவிட்டு, "அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டா பணம் வரும்ங்கிறாங்க" என்றார்.

"வரலாம்க்கா. தெரியல."

"போடாட்டி, வந்த மானியமும் போகும்ங்கிறாங்க."

"அதுவும் நிச்சயமாத் தெரியலக்கா. விசாரிக்கணும்."

அவர் கணவரைப் பார்த்தார். மைதீன் பாய் கண்ணை மூடித் திறந்தார். அவர்களுக்குள் அது போதும் போலிருந்தது.

அக்கா உள்ளே போய், ஒரு பேனாவும் கோடு போட்ட இரண்டு தாளும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "எனக்கு ஆபீசுக்கு எழுதற மாதிரி எழுத வராது. நீங்கதான் எழுதணும். கலெக்டர் ஆபீசுக்கு மனு."

"என்னன்னு எழுத?"

"நடந்தத எழுதுங்க. போல்ட்டு குட்டை. கம்பெனியில கேட்டும் ஆள் தரல. பாக்காமயே கையெழுத்து. இது கம்பெனி செஞ்ச தப்பு, எங்க தப்பில்ல, மானியத்த எங்ககிட்ட கேக்கக் கூடாது, சரியா மாட்டித் தரணும். இதே ஆளு கையெழுத்துப் போட்ட மத்த வீட்டையும் ஏறிப் பாக்கணும்."

நான் எழுதினேன். "சூப்பர்வைசர்" என்று வந்த இடத்தில் அவர் விரலை வைத்தார்.

"பேரு போடல."

"போடணுமாக்கா?"

"முழுப் பேரு. அப்பா பேரோட."

எழுதினேன். என் கையெழுத்திலேயே என் பெயர், என் அப்பா பெயர், என் ஊர். சான்றளித்த நாள். ஏறாத காரணத்துக்கு ஒரு வரி எழுதப் போனேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

கட்டிலிலிருந்து மைதீன் பாய் மெல்ல, நிறுத்தி நிறுத்தி, "புயலன்னைக்கு... வந்து சொன்னாருன்னு... அதையும் போடச் சொல்லு" என்றார்.

அக்கா தாளை வாங்கி ஒருமுறை வாசித்தார். உதடு அசைய, எழுத்துக்கூட்டி, கடைசி வரை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

"அதெல்லாம் மனுவுல வராதுங்க" என்றார் கணவரிடம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். பத்து மணிக்கு மனுவோடு வருவதாகச் சொல்லி, என்னையும் அங்கே இருக்கச் சொன்னார். வருகிறேன் என்றேன்.